ஆயுதங்களை இறக்கி வைத்த கலெக்டர்

ரேணிகுண்டா ஜங்ஷனில் குந்தக்கல் பக்கம் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் கோடூர், ராஜம்பேட்டை, கடப்பா, தாடிபத்திரி என்று ஒவ்வொரு ஊராகக் கடந்து, குத்தி என்ற பழைய ஊருக்கு வண்டி போய்ச் சேரும். அங்கே குன்றின்மேல் ஒரு பெரிய கோட்டை இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இடிந்த மண் கொத்தளங்களை இன்றும் சில இடங்களில் காணலாம். ராஜாக்களின் கோட்டைகள் ஒருபுறம் இருக்கட்டும், சாதாரணக் குடியானவர்களின் ஊருக்கும் ஒரு காலத்தில் மதில் தேவைப்பட்டது. இரவில் யார் எந்தப் பக்கமிருந்து ஆயுதத்தோடு வருவார்கள் என்று தெரியாத காலம் அது.

அந்தச் சீமையில் ஆயுதக்காரர்களின் ஆட்டத்தை ஒரு கலெக்டர் ஏழு ஆண்டுகளில் அடக்கினார். அவர் பெயர் தாமஸ் மன்றோ. சென்னையில் அண்ணா சாலையின் தொடக்கத்தில், தீவுத்திடலுக்கு அருகே, குதிரைமேல் கம்பீரமாக வீற்றிருக்கும் வெண்கலச் சிலை அவருடையதுதான். சென்ட்ரலில் இறங்கி அந்த வழியாகப் பஸ்ஸில் போன நம்மவர் எல்லாரும் அந்தச் சிலையைப் பார்த்திருப்பார்கள். அங்கவடி இல்லாத குதிரை என்று வேடிக்கையாகப் பேசிக்கொண்டு போயிருப்பார்கள். அந்தக் குதிரைக்காரர் யார், அவர் செய்தது என்ன என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை.

துப்பாக்கி லைசென்ஸை எளிதாகக் கொடுக்கலாமா, இன்னும் கடுமையாக்க வேண்டுமா என்ற விவாதம் நம் நாட்டில் அவ்வப்போது எழுகிறது. காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது, துப்பாக்கி கொடுங்கள் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். வீட்டில் துப்பாக்கி இருந்தால் கோபம் வந்த நேரத்தில் கொலையில் முடியும் என்று மற்றொரு சாரார் அஞ்சுகிறார்கள். இந்தக் கேள்வி நம் பிரதேசத்துக்குப் புதிதல்ல. 200 ஆண்டுகளுக்கு முன்பே மன்றோவின் முன்னால் அது வந்து நின்றது. ஆகவே அவர் வாழ்க்கையை இந்தக் கோணத்தில் பார்ப்பது பயனுள்ளதாக இருக்கும்.

கணக்கு வேலையிலிருந்து

1761 மே 27ந் தேதி ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரத்தில் மன்றோ பிறந்தார். தகப்பனார் அலெக்சாண்டர் மன்றோ வியாபாரி. அமெரிக்காவின் வர்ஜீனியா பகுதியோடு கொடுக்கல் வாங்கல் வைத்துச் செழிப்பாக இருந்த குடும்பம் அது. சிறு வயதில் அம்மை வார்த்து மன்றோவின் முகத்தில் வடு விழுந்திருந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சில காலம் படித்துவிட்டு, ஒரு வியாபார நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலையில் அமர்ந்தார். பிற்காலத்தில் ஒரு ராஜதானிக்கே கவர்னராகப் போகிறவர் குமாஸ்தாவாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்.

அந்தச் சமயத்தில் அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் இங்கிலாந்தை எதிர்த்து ஆயுதம் ஏந்தின. யுத்தம் மூண்டது. வர்ஜீனியா வியாபாரம் படுத்தது. மன்றோவின் தகப்பனார் நொடித்துப் போனார். குடும்பத்தைக் காப்பாற்ற மகன் கடல் கடந்து பிழைக்க வேண்டியதாயிற்று. 1779ல் கும்பினியின் கப்பலில் புறப்பட்டு, 1780 ஜனவரி 15ந் தேதி சென்னையில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 18. பட்டாளத்தில் கேடட் வேலை.

அவர் குடும்பத்தைக் கவிழ்த்த அந்த அமெரிக்கர்கள் சுதந்தரம் பெற்ற பிறகு, குடிமக்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையை 1791ல் தங்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துக்கொண்டார்கள். மன்றோவோ அதே பத்தாண்டுகளில் உலகத்தின் மறுகோடியில், ஆயுதம் நிறைந்த ஒரு நாட்டில் குடியானவன் படும் பாட்டை நேரில் பார்த்துக்கொண்டிருந்தார்.

போர்க்களமும் பாராமகாலும்

மன்றோ வந்து சேர்ந்த அதே ஆண்டில் ஹைதர் அலி கர்நாடகத்தின்மேல் படையெடுத்தார். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே கர்னல் பெய்லியின் படை அடியோடு அழிந்தது. அவருக்கு உதவியாகச் செல்லவேண்டிய பெரிய படை, உரிய நேரத்தில் போய்ச் சேராமல் சென்னைக்குத் திரும்பி ஓடி வந்தது. அந்தப் படையில் மன்றோவும் ஒருவர். வட ஆற்காடு, தென் ஆற்காட்டுச் சீமைகளில் கிராமங்கள் தீக்கிரையாகிக் கிடந்ததை இளம் வயதிலேயே அவர் கண்ணால் கண்டார்.

அடுத்த யுத்தம் திப்பு சுல்தானோடு. 1792ல் சமாதானம் ஏற்பட்டபோது சேலமும் பாராமகாலும் கும்பினியின் கைக்கு வந்தன. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பகுதிகளைத்தான் அன்று பாராமகால் என்றார்கள். நம்மில் பலருக்கு அதுதான் சொந்த ஊர். அங்கே காப்டன் அலெக்சாண்டர் ரீடு என்பவருக்கு உதவியாக மன்றோ நியமிக்கப்பட்டார். தருமபுரியில் தங்கி, ஏழு ஆண்டுகள் கிராமம் கிராமமாகச் சுற்றினார். வயல்களை அளந்தார். எந்த நிலம் யாருக்கு, எவ்வளவு விளையும், எவ்வளவு தீர்வை என்று எழுதினார். இடையில் ஜமீன்தாரோ குத்தகைதாரரோ இல்லாமல் உழுகிறவனே நேராகச் சர்க்காருக்கு வரி கட்டும் முறை அங்கேதான் உருவாயிற்று. ரயத்துவாரி என்று நாம் படிக்கும் முறை அதுதான்.

அந்த நாளில் அவர் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொண்டார். தன் நிலம் தன்னிடமே இருக்கும், வரி இவ்வளவுதான், அதற்குமேல் ஒருவனும் கேட்கமாட்டான் என்ற நிச்சயம் இருந்தால்தான் குடியானவன் நிம்மதியாக ஏர் பூட்டுவான். அந்த நிச்சயம் இல்லையானால் யாராவது ஓர் ஆயுதக்காரனின் நிழலில் போய் ஒதுங்குவான். இந்தப் பாடம் பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

முப்பதாயிரம் ஆயுதக்காரர்கள்

1799ல் திப்பு வீழ்ந்தபின் மன்றோ சில காலம் கன்னட தேசத்துக் கடற்கரைப் பகுதியில் கலெக்டராக இருந்தார். 1800 அக்டோபரில் ஹைதராபாத் நிஜாம், தம் பாதுகாப்புக்கு வைத்த கும்பினிப் படையின் செலவுக்கு ஈடாகப் பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பா, கர்னூலின் ஒரு பகுதி ஆகியவற்றைக் கும்பினிக்குக் கொடுத்துவிட்டார். தத்த மண்டலம் என்று தெலுங்கில் அதைச் சொல்வார்கள். இன்றைய ராயலசீமையின் பெரும்பகுதி அது. அந்த மண்டலத்தின் முதன்மைக் கலெக்டராக மன்றோ வந்து சேர்ந்தார்.

அவர் கண்ட காட்சி என்ன? சுமார் 80 பாளையக்காரர்கள். அவர்களிடம் ஏறக்குறைய 30,000 ஆயுதக்காரர்கள். திரி வைத்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி, ஈட்டி, வாள். அவரவர் எல்லைக்குள் அவரவரே ராஜா. காவல் கூலி என்று ஒருவர் வசூலிப்பார். கூலி கொடுக்காவிட்டால் மாட்டை ஓட்டிக்கொண்டு போவார். பக்கத்துப் பாளையக்காரர் அதே ஊரில் இன்னொரு கூலி கேட்பார். நிஜாமின் சம்பளம் கிடைக்காத சிப்பாய்களின் கொள்ளை வேறு. இதனால்தான் ஊருக்கு ஊர் மண் கோட்டை. குடியானவனே ஒரு கையில் ஆயுதத்தை வைத்துக்கொண்டுதான் மறு கையால் உழவேண்டியிருந்தது.

இதைப் படிக்கும்போது பாளையக்காரர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. விஜயநகர அரசு வீழ்ந்தபின் பேரரசு என்று ஒன்று இல்லாத நிலையில், ஊரைக் காத்து, ஏரியை வெட்டி, கோயிலுக்கு மானியம் விட்டவர்களும் அவர்களில் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் 1799ல் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனையும், 1801ல் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களையும் நாம் வீரர்கள் என்று போற்றுகிறோம். அவர்களும் பாளையக்காரர்களே. அவர்கள் கையிலிருந்த ஆயுதம் அந்நியனை எதிர்க்கப் பயன்பட்டது. ஆகவே ஆயுதத்தைப் பறித்த கும்பினிக்குத் தன் ஆட்சியை நிலைநாட்டும் சுயநலம் இருந்தது என்பதில் ஐயமில்லை. மன்றோவும் அந்தக் கும்பினியின் ஊழியரே.

எப்படி அடக்கினார்

மன்றோ முதலில் கை வைத்தது கப்பத்தில். பாளையக்காரர்கள் சர்க்காருக்குச் செலுத்த வேண்டிய பணத்தை உயர்த்தினார். அந்தப் பணத்தைக் கட்டிவிட்டால் பெரிய படையை வைத்துச் சோறு போட அவர்களால் முடியாது. ஆயுதக்காரர்களைக் கலைத்துவிட்டு அமைதியாக இருப்பவருக்கு நிலமோ ஓய்வூதியமோ கிடைக்கும். எதிர்ப்பவர்மேல் ஜெனரல் டுகால்டு காம்பெல் தலைமையில் பட்டாளம் போகும். சில பாளையக்காரர்கள் பணிந்தார்கள். சிலர் ஓடிப்போனார்கள். சிலர் சிறைப்பட்டார்கள். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்குள் பெரும் பாளையங்களின் பலம் ஒடுங்கிவிட்டது.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. ஆதோனிப் பக்கத்தில் தெர்னேகல் என்ற கிராமம் வரி கட்ட மறுத்து எதிர்த்து நின்றது. மண் கோட்டைக்குள் இருந்துகொண்டு ஊர் மக்கள் சண்டையிட்டார்கள். கும்பினிப் படையின் முதல் தாக்குதல் தோற்றது. மேலும் படையும் பீரங்கியும் வந்த பிறகே அந்த ஊர் விழுந்தது. வரியும் ஆயுதமும் எப்படிப் பின்னிப் பிணைந்திருந்தன என்பதற்கு அந்தக் கிராமமே சாட்சி.

மற்றொரு காரியத்தையும் மன்றோ கூடவே செய்தார். உண்மையில் அவருக்கு வெற்றி தேடித் தந்தது அதுதான் எனலாம். ஆயுதக்காரர்களைக் கலைத்த கையோடு நில அளவையைத் தொடங்கினார். கூடாரத்தில் தங்கி, மண்டலம் முழுவதையும் ஆண்டுதோறும் சுற்றி வந்தார். மனு கொடுக்க வருகிறவனைச் சேவகர்கள் தடுக்கக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். உழுகிற குடியானவனுக்குப் பட்டா கொடுத்தார். கட்டுபடிகள் எனப்படும் காவல் சேவகர்களின் மானிய நிலங்களை அடியோடு பிடுங்காமல், ஊர்க்காவல் வேலைக்கு அவர்களை வைத்துக்கொண்டார். சோற்றுக்கு வழியில்லாத ஆயுதக்காரன் காட்டுக்குத்தான் போவான், காட்டுக்குப் போனவன் கொள்ளைக்காரனாகத்தான் திரும்புவான் என்பதை அறிந்தவர் அவர்.

ஏழு ஆண்டுகளில் நிலவரி வருமானம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிற்று. இருந்தாலும் குடியானவர்கள்மேல் விழுந்த தீர்வை அதிகம் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். 1807ல் தாய்நாட்டுக்குப் புறப்படுமுன், தீர்வையில் நூற்றுக்கு 25 குறைக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். அன்று அதை அரசாங்கம் ஏற்கவில்லை. பிற்காலத்தில் அவரே கவர்னராக வந்துதான் அந்தக் குறைப்பை நடைமுறைக்குக் கொண்டு வந்தார்.

மேலிடத்தின் கண்டனம்

மன்றோவின் நடவடிக்கைகள் லண்டனில் எல்லாருக்கும் பிடித்துவிடவில்லை. பரம்பரையாக ஆண்ட பாளையக்காரர்களை இவ்வளவு வேகமாக அப்புறப்படுத்தியது நியாயமா, கட்டமுடியாத கப்பத்தைப் போட்டு அவர்களை வலையில் சிக்கவைத்தது முறையா என்று கும்பினியின் டைரக்டர்கள் 1804ல் கண்டித்து எழுதினார்கள். மன்றோ நீண்ட பதில் அனுப்பினார். பல எஜமானர்களுக்குக் கூலி கொடுத்து அழியும் குடியானவனின் நிலையை எடுத்துக் காட்டி, தாம் செய்தது சரியே என்று வாதாடினார்.

இந்த வாதத்தில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. டைரக்டர்கள் கேட்டது நடைமுறை நியாயத்தை. ஒருவனிடமிருந்து உரிமையைப் பறிப்பதானால் விசாரணை வேண்டும், காரணம் சொல்லவேண்டும். மன்றோ கேட்டது ஏழையின் பாதுகாப்பை. ஆயுதம் வைத்திருக்கும் ஒருவனின் உரிமை, ஆயுதம் இல்லாத நூறு பேரின் உயிருக்கு உலையாக இருக்கலாமா என்பது அவர் பக்கம். இன்றைய துப்பாக்கி விவாதமும் இதே இரு தூண்களுக்கு இடையில்தான் நடக்கிறது.

இதே காலத்தில் நம் சித்தூர்ப் பகுதியிலும் குழப்பம் குறைவில்லை. ஆற்காட்டு நவாபிடமிருந்து 1801ல் கும்பினியின் கைக்கு வந்த மேற்குப் பாளையங்களில் 1804ல் கலகம் மூண்டது. படைகள் சென்று அடக்கின. அது மன்றோவின் நிர்வாகத்துக்கு உட்பட்ட பகுதி அல்ல. ஆனாலும் அவர் சமாளித்த அதே நோய்தான் இங்கும் இருந்தது. தெற்கே திருநெல்வேலி, மதுரைச் சீமைகளில் 1801 டிசம்பர் 1ந் தேதி கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரகடனம் செய்து, மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தார். அங்கே கோட்டைகளும் தரைமட்டமாக்கப்பட்டன.

ஊர்க்காவலுக்குத் திரும்பினார்

இங்கிலாந்தில் சில ஆண்டுகள் இருந்த மன்றோ, பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் சாட்சி சொன்னார். இந்தியர்களின் அறிவும் நாகரிகமும் தாழ்ந்தவை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நடுவே, அப்படியல்ல என்று உறுதியாக எடுத்துரைத்தார். 1814ல் ஜேன் காம்பெல் என்ற பெண்மணியை மணந்துகொண்டு, அதே ஆண்டில் சென்னைக்குத் திரும்பி வந்தார். நீதி, போலீஸ் நிர்வாகத்தைச் சீர்திருத்தும் கமிஷனுக்கு அவரே தலைவர்.

ஆயுதத்தைப் பறித்தாயிற்று, இனி ஊரை யார் காப்பது? இதுதான் அந்தக் கமிஷனின் முன்னிருந்த கேள்வி. வங்காளத்தைப் பார்த்து ஏற்படுத்திய ஜட்ஜ், தாரோகா முறை இந்தப் பக்கத்தில் சரிப்படவில்லை. ஊர் வழக்கம் அறியாத தாரோகா எங்கோ உட்கார்ந்திருப்பார். கொள்ளை இங்கே நடக்கும். ஆகவே 1816ல் வந்த புதிய சட்டங்கள், கிராமத் தலைவரையே சிறு வழக்குகளுக்கு முன்சீப் ஆக்கின. போலீஸ் பொறுப்பு ஜட்ஜிடமிருந்து கலெக்டருக்கு மாறிற்று. தலையாரியும் வெட்டியானும் பார்த்துவந்த பழைய கிராமக் காவலுக்கு மறுபடியும் மதிப்பு வந்தது. நம் தாத்தாக்கள் காலம் வரை கிராம முன்சீப், தலையாரி என்று நாம் பார்த்துவந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை இதுதான்.

நடுவில் 1817, 1818ல் மராட்டிய யுத்தம் வந்தது. மன்றோ மீண்டும் போர் உடை தரித்து, பாதாமி, பெல்காம், சோலாப்பூர் முதலிய இடங்களைப் பிடித்தார். கைவசம் பட்டாளம் குறைவு. கிராமத்துச் சேவகர்களைச் சேர்த்துக்கொண்டே பல தாலுகாக்களைக் கைப்பற்றினார்.

கவர்னர் மன்றோ

1820 ஜூன் மாதம் சென்னை ராஜதானியின் கவர்னராகப் பதவி ஏற்றார். ரயத்துவாரி முறை ராஜதானியின் பெரும்பகுதிக்குப் பரவியது அவர் காலத்தில்தான். 1826ல் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு போர்டு அமைத்து, ஜில்லாதோறும் தாலுகாதோறும் பள்ளி ஏற்படுத்தத் திட்டம் வகுத்தார். இந்தியர்களுக்கு உயர்ந்த உத்தியோகங்கள் கொடுக்கவேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். 1824 டிசம்பர் 31ந் தேதி எழுதிய நீண்ட குறிப்பில், இந்தியர்கள் தங்களைத் தாங்களே ஆளும் தகுதி பெறும் நாள் வரும், அப்போது ஆங்கிலேயர் அதிகாரத்தை விட்டுவிடுவதே சிறப்பு என்ற கருத்தைத் தெரிவித்தார். காங்கிரஸ் மகாசபை பிறப்பதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பு இப்படி நினைத்த கவர்னர் அபூர்வம்.

அதே மன்றோதான் 1822ல் பத்திரிகைச் சுதந்தரம் கூடாது என்றும் எழுதினார். அதற்கு அவர் சொன்ன காரணம் சிப்பாய்களைப் பற்றியது. பத்திரிகை படித்து அவர்கள் மனம் மாறினால் கையிலிருக்கும் துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பும் என்று அஞ்சினார். ஆயுத பலத்தால் நடக்கும் ஆட்சிக்கு அந்த பயம் எப்போதும் விட்டு விலகாது. நல்லவர் ஆண்டாலும் அந்நிய ஆட்சி அந்நிய ஆட்சிதானே.

திருமலையில் அவர் பெயர்

திருப்பதிப் பக்கத்தில் இருக்கும் நமக்கு மன்றோவோடு வேறோர் உறவும் உண்டு. திருமலைக் கோயிலில் நைவேத்தியத்துக்குரிய பெரிய பாத்திரம் ஒன்றுக்கு மன்றோ கங்காளம் என்று பெயர் வழங்குகிறது. தீராத வயிற்றுவலி ஏழுமலையான் பிரசாதத்தால் தீர்ந்ததாகவும், அந்த நன்றிக்காகப் பொங்கல் படைக்க அவர் ஏற்பாடு செய்ததாகவும் இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். மந்திராலயத்திலும், கடப்பா மாவட்டத்துக் கண்டி ஆஞ்சநேயர் கோயிலிலும் அவரைப் பற்றி வேறு கதைகள் உண்டு.

நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டரைப் பற்றி இவ்வளவு கதைகள் ஏன் பிறந்தன என்று யோசிக்கவேண்டும். அனந்தப்பூர், கடப்பா கிராமங்களில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள். பட்டாளத்தோடு வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயரை யாரும் பிள்ளைக்கு வைக்கவில்லை. கொள்ளைக்காரன் பயம் இல்லாமல் இரவில் தூங்கவைத்தவர், பட்டாவைக் கையில் கொடுத்தவர் என்ற நினைவுதான் அந்தப் பெயராக நிலைத்தது.

கடைசிப் பயணம்

பதவியை விட்டுவிட்டு ஊர் திரும்ப மன்றோ எப்போதோ விண்ணப்பித்திருந்தார். பர்மா யுத்தம் வந்ததால் தள்ளிப்போயிற்று. காதும் மந்தமாகியிருந்தது. அடுத்த கவர்னர் வந்து சேருவதற்குள், தாம் உழைத்த மண்டலத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரவேண்டும் என்று 1827ல் கிளம்பினார். குத்தியை அடைந்தபோது முகாமில் காலரா பரவியிருந்தது. அங்கிருந்து கர்னூல் பக்கத்துப் பத்திகொண்டாவுக்குப் போனார். ஜூலை 6ந் தேதி காலையில் நோய் கண்டது. அன்றிரவே உயிர் பிரிந்தது. வயது 66.

உடலைக் குத்தியில் அடக்கம் செய்தார்கள். 1831ல் சென்னைக் கோட்டையிலுள்ள செயிண்ட் மேரி தேவாலயத்துக்குக் கொண்டு சென்றார்கள். பத்திகொண்டாவில் அவர் நினைவாகத் தோப்பும் கிணறும் ஏற்பட்டன. பொதுமக்கள் சந்தா போட்டுப் பணம் திரட்டி, லண்டன் சிற்பி சான்ட்ரி செய்த சிலையைத் தருவித்து, 1839ல் சென்னையில் நிறுவினார்கள்.

வாக்குத் தவறியபோது

மன்றோ மறைந்து 20 ஆண்டுகள் ஆகுமுன் அவர் ஏற்பாடு ஆட்டம் கண்டது. பாளையக்காரர் குடும்பங்களுக்குக் கொடுத்துவந்த ஓய்வூதியங்களை, வாரிசு இல்லை என்று சொல்லி அரசாங்கம் நிறுத்தத் தொடங்கிற்று. கட்டுபடிச் சேவகர்களின் மானிய நிலங்களிலும் கை வைத்தது. பாளையக்காரர் வழிவந்த உய்யாலவாடா நரசிம்ம ரெட்டிக்கு மாதம் 11 ரூபாய் சொச்சம்தான் ஓய்வூதியம். அவர் 1846ல் கலகக்கொடி உயர்த்தியபோது, மானியம் இழந்த கட்டுபடிகள் திரண்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். கீழே வைத்த ஆயுதம் மீண்டும் கைக்கு ஏறிற்று. 1847 பிப்ரவரி 22ந் தேதி கோயிலகுண்ட்லாவில் நரசிம்ம ரெட்டியைத் தூக்கிலிட்டார்கள்.

1857க்குப் பிறகு அரசாங்கத்தின் போக்கே மாறிற்று. 1878ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. வெள்ளைக்காரனுக்கு விலக்கு. மன்றோவாவது ஆயுதத்தை வாங்கிக்கொண்டு பட்டாவைக் கொடுத்தார். இந்தச் சட்டம் மக்களுக்கு அவமானத்தையே கொடுத்தது. மக்களை நம்பாத சட்டம் என்று தேசத் தலைவர்கள் எல்லாரும் கண்டித்தார்கள். அகிம்சையையே உயிராகக் கொண்ட காந்தியடிகள்கூட 1930 ஜனவரியில் வைத்த 11 கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கவேண்டும், அது மக்கள் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்திருந்தார்.

இன்று நம் முன்னால்

சுதந்தர இந்தியாவில் 1959ல் புதிய ஆயுதச் சட்டம் நிறைவேறிற்று. நிற பேதம் போயிற்று. லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டால் போலீஸ் அறிக்கை வரும். பொது அமைதிக்குப் பங்கம் வரும் என்று கருதினால் அதிகாரி மறுக்கலாம். மாவட்டங்களில் அந்த அதிகாரம் கலெக்டரிடமே இருக்கிறது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 2019ல் இரண்டாகக் குறைத்தார்கள். கல்யாணத்திலும் விழாவிலும் வேடிக்கைக்காகச் சுடுவது குற்றம் என்றும் சேர்த்தார்கள்.

ஆனால் சட்டத்தின் கண்ணில் படுவது கொஞ்சம்தான். ஜெனீவாவிலுள்ள ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற அமைப்பு 2018ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவில் பொதுமக்கள் கையில் சுமார் 7 கோடியே 10 லட்சம் துப்பாக்கிகள். அவற்றில் பதிவானவை ஒரு கோடிக்கும் குறைவு. அமெரிக்காவில் 39 கோடிக்கு மேல். அதாவது அந்நாட்டு மக்கள் தொகையைவிட அதிகம். 2015 நவம்பரில் சித்தூர் மாநகராட்சி அலுவலகத்துக்குள்ளேயே மேயர் சுட்டுக் கொல்லப்பட்டதை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கமுடியாது.

சர்க்காரின் துப்பாக்கியைப் பற்றியும் பேசாமல் இருக்கமுடியாது. 2015 ஏப்ரல் 7ந் தேதி சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகக் கூறப்பட்ட 20 தமிழர்களை ஆந்திரத் தனிப்படையினர் சுட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் அவர்களில் பலர். தங்களைத் தாக்கியதால் சுட்டோம் என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. மன்றோ ஒரு காலத்தில் நிலம் அளந்து பட்டா கொடுத்த அதே தருமபுரிச் சீமையின் பிள்ளைகள், நிலமும் வேலையும் போதாமல் மலை ஏறி வந்து மாண்டார்கள்.

மன்றோவின் வாழ்க்கை நமக்குச் சொல்வது இதைத்தான். ஊரில் துப்பாக்கி குறைவது நல்லதே. ஆயுதம் மலிந்த நாட்டில் முதலில் சாகிறவன் ஆயுதம் இல்லாத ஏழை. ஆனால் ஆயுதத்தை வாங்கிக்கொள்ளும் சர்க்கார் காவலையும் நியாயத்தையும் பிழைப்பையும் கையோடு கொடுக்கவேண்டும். தன் கையிலுள்ள துப்பாக்கிக்கும் கணக்குச் சொல்லவேண்டும். அவற்றைக் கொடுத்தவரை மன்றோவின் ஏற்பாடு நின்றது. கொடுத்ததைப் பின்னால் வந்தவர்கள் திரும்பப் பிடுங்கியபோது அது சரிந்தது.

அடுத்தமுறை சென்னை போகும்போது அந்தக் குதிரைச் சிலையைச் சற்று நின்று பாருங்கள். அங்கவடி இல்லாததை எல்லாரும் சொல்வார்கள். குத்திக் கோட்டையிலிருந்து திருமலை வரை அவர் பெயர் எதனால் நிலைத்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லவேண்டும்.